பாமாலைக்குள் இருந்த டிக்கெட்

அண்ணனிடம் சொல்ல வேண்டிய ஒரு வாக்கியத்தை ஐம்பது வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்தேன். “அந்த டிக்கெட்டை அப்பாகிட்ட குடுத்தது நான்தான்.” இவ்வளவுதான் அது. முப்பது வருடத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் தொண்டை கிழியக் கத்தியவள் நான். இந்த ஒன்றைச் சொல்ல மட்டும் வாய் வரவே இல்லை. கிறிஸ்துமஸுக்குச் சொல்லலாம், அவன் மகன் கல்யாணம் முடியட்டும் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். போன வருடம் அவனுக்கு இதயத்தில் ஆபரேஷன் நடந்தது. இந்த வருடம் அந்தப் பழைய படத்தைக் கலரில் புதிதாக எடுத்து வெளியிட்டார்கள். இனியும் தள்ளிப்போட்டால் நான் மனுஷியே இல்லை என்று தோன்றியது. மேடவாக்கம் தாண்டி இருக்கும் மாலில் மதியக் காட்சிக்கு இரண்டு டிக்கெட் போட்டேன்.

படத்தின் பெயரைச் சொன்னால் உங்களில் பாதிப்பேர் உடனே அந்தப் பாட்டை முனக ஆரம்பித்துவிடுவீர்கள். அதனால் சொல்லவில்லை. கதையை மட்டும் சொல்கிறேன். ஒரு வீட்டுக்காரருக்குப் பாட்டு என்றாலே ஆகாது. குடியிருப்பவர்கள் விசிலடித்தால்கூட மறுநாளே பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். கச்சேரி செய்து பிழைக்கும் ஒருவன் எங்கும் வீடு கிடைக்காமல், தான் ஊமை என்று பொய் சொல்லி அந்த வீட்டு மாடியில் குடியேறுகிறான். வீட்டுக்காரரின் பெண் அவனிடம் ரகசியமாகப் பாட்டுக் கற்றுக்கொள்கிறாள். வீட்டுக்காரர் படியேறும் சத்தம் கேட்டதும் பாட்டை நிறுத்துவதும், பாடியது யார் என்று அவர் கேட்டால் ஆளுக்கொரு பொய் சொல்வதும்தான் படம் முழுக்க. கறுப்பு வெள்ளைப் படம். கொட்டகையில் எல்லாரும் வயிறு வலிக்கச் சிரிப்பார்களாம்.

எங்கள் வீட்டில் அந்தச் சிரிப்புக்கு வழியில்லை. அப்பா ஹைஸ்கூல் வாத்தியார், சபைக் கமிட்டியில் இருந்தவர். குடிப்பதும் சினிமா பார்ப்பதும் அவருக்கு ஒன்றுதான். கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் தெருவில் இருந்த கிறிஸ்தவ வீடுகளில் பாதி அப்படித்தான். தெருமுனைச் சுவரில் சினிமா போஸ்டர் ஒட்டியிருந்தால் தலையைத் திருப்பிக்கொண்டு நடக்கப் பழகியிருந்தோம். அம்மா நன்றாகப் பாடுவாள். ஆனால் சபைக் கொயரில்தான், கீர்த்தனைதான். வீட்டில் மாவாட்டிக்கொண்டே ஒரு கீர்த்தனையைப் பாடுவாள். வார்த்தைகள் சபையில் பாடுவதுதான், மெட்டு மட்டும் வேறு. அந்த மெட்டைக் கேட்டால் என் கால் தானாகத் தாளம் போடும். அம்மா பிறந்த ஊரில் அப்படிப் பாடுவார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

எனக்கு ஒன்பது வயது, அண்ணனுக்குப் பதினாலு. ஒரு சனிக்கிழமை மத்தியானம் மறுநாள் ஞாயிறு பள்ளியில் பாட வேண்டிய பாட்டைத் தேடி, வீட்டில் எல்லாருக்கும் பொதுவான பாமாலைப் புத்தகத்தைப் பிரித்தேன். நடுவில், பாதியாகக் கிழித்த இளஞ்சிவப்பு டிக்கெட் இருந்தது. கொட்டகையின் பெயரும் ‘பெண்கள், மாட்டினி’ என்றோ என்னவோ மங்கலாக ஒரு முத்திரையும் இருந்தன. முத்திரையை நான் சரியாகப் படிக்கவில்லை. படித்திருந்தாலும் எனக்கு விளங்கியிருக்காது. சினிமா டிக்கெட் என்று தெரிந்ததே எனக்குப் போதுமாக இருந்தது; அண்ணனுடையதாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டிவிட்டேன்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் உண்மை. அப்பாவுக்கு வாயைத் திறந்தால் அண்ணன்தான். அண்ணன் வகுப்பில் முதல், அண்ணன் வேத வசனத்தைத் தண்ணீராக ஒப்பிப்பான், அண்ணனைக் காலேஜில் இங்கிலீஷ் படிக்கவைத்துப் பெரிய ஆளாக்க வேண்டும். நான் ஒருத்தி வீட்டில் இருப்பதே அவருக்கு வாரத்தில் இரண்டு நாள்தான் ஞாபகம் வரும். சாயங்காலம் அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கேட்டைத் திறக்கும்போதே ஓடிப்போய் அந்த டிக்கெட்டைக் கொடுத்தேன். அப்பா அதைப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். “நீ குடுத்தேன்னு யார்கிட்டயும் சொல்லாத” என்றார். பிறகு என் தலையில் கைவைத்து, “நீதாம்மா என் பிள்ள” என்றார். சாகும்வரை இன்னொரு தடவை அவர் அப்படிச் சொன்னதில்லை.

அன்று குடும்ப ஜெபம் முடிந்ததும் டிக்கெட்டைப் பாமாலையின்மேல் வைத்தார். “இது யாரோடது?” என்று கேட்டார். அவர் யாரையும் குறிப்பாகப் பார்த்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. அம்மா வாயைத் திறந்தாள். மகனுக்காகக் கெஞ்சப்போகிறாள் என்று நினைத்தேன். அதற்குள் அண்ணன் எழுந்து நின்று, “என்னோடதுப்பா. ஸ்கூலுக்குப் போகாம போயிட்டேன்” என்றான்.

அப்பா பள்ளிக்கூடத்துப் பிரம்பை எடுத்தார். அண்ணனின் இரண்டு கெண்டைக்காலிலும் தோல் உரிந்தது. அம்மா குறுக்கே போகவில்லை. சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெற்ற தாய்க்கு இப்படியும் கல்மனசா என்று அன்று எனக்கு அம்மாமேல் கோபம் வந்தது. டிக்கெட்டைக் கொடுத்தவள் நான், கோபம் மட்டும் அம்மாமேல்.

அடி ஒரு வாரத்தில் ஆறிவிட்டது. மற்றது ஆறவில்லை. அந்த வருடம் அவனைத் திடப்படுத்தல் வகுப்பிலிருந்து அப்பாவே நிறுத்தினார். அவனோடு படித்த பிள்ளைகள் வெள்ளை உடுத்தி முதல் நற்கருணை வாங்கியபோது அவன் கடைசி பெஞ்சில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். பள்ளி முடித்ததும், “ஊர் சுத்துறவனுக்குக் காலேஜ் எதுக்கு?” என்று ஐ.டி.ஐ.யில் கொண்டுபோய்ச் சேர்த்தார். அதற்கப்புறம் மறைமலை நகரில் கார் உதிரி பாகம் செய்யும் கம்பெனியில் மெஷின் வேலை. ஜி.எஸ்.டி. ரோட்டில் கம்பெனி பஸ்ஸுக்கு நின்று நின்றே அவன் வாலிபம் போனது. இங்கிலீஷ் வாத்தியாராகியிருக்க வேண்டியவன். அவன் சம்பளத்தில் நான் பி.எட். படித்தேன், நான் டீச்சரானேன். எனக்கு இதை நினைக்காத நாள் கிடையாது.

கால் ஆறிய பிறகு அவனிடம் போய் வெட்கமில்லாமல் கதை கேட்டேன். துவைக்கிற கல்மேல் ஏறி நின்றுகொண்டு அவன் முழுப் படத்தையும் நடித்துக் காட்டினான். ஊமைக்காரனாக முழித்தான், வீட்டுக்காரராக மூக்கை விடைத்தான், பெண்ணாக இடுப்பை ஒடித்தான். அவன் சொன்ன முடிவு இது. மாடியில் இருவரும் பாடிக்கொண்டிருக்கிறார்கள். வீட்டுக்காரர் சத்தமில்லாமல் படியேறி, கதவுக்கு வெளியே நின்று முழுப் பாட்டையும் கேட்கிறார். கதவைத் தட்டுகிறார். உள்ளே எல்லாருக்கும் உயிர் போகிறது. அவர் உள்ளே வந்து பாயில் உட்கார்ந்து, “நல்லாத்தான்யா இருக்கு, இன்னொரு தடவ பாடுங்க” என்கிறார். படம் முடிந்தது. எனக்கு அந்த முடிவு அவ்வளவு பிடித்திருந்தது. வாரம் ஒருமுறை அதை மட்டும் சொல்லச் சொல்லிக் கேட்பேன்.

நான் அந்தப் படத்தைப் பார்த்தது பி.எட். படிக்கும்போது, ஹாஸ்டல் டி.வி.யில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஊமைக்காரன் மாடியில் முதல் பாட்டை ஆரம்பித்தான். பார்த்தால் அது அம்மா மாவாட்டும்போது பாடும் கீர்த்தனையின் மெட்டு! “பாருங்கடி, எங்க சர்ச் பாட்டைத் திருடி சினிமால போட்டுட்டானுங்க” என்று நான் போட்ட கூச்சலில் வார்டனே எட்டிப் பார்த்தார். அண்ணன் சொன்ன கதை ஒவ்வொரு காட்சியும் அப்படியே இருந்தது. முடிவு மட்டும் முழுசாக வேறு. வீட்டுக்காரரை எல்லாரும் சேர்ந்து ஏமாற்றித் தண்ணீர்த் தொட்டியில் விழவைக்கிறார்கள். ஊரே கூடிச் சிரிக்கிறது. நனைந்த வேட்டியோடு வேறு வழியில்லாமல் பெண்ணைக் கட்டிக்கொடுக்கிறார்.

லீவுக்கு வீட்டுக்குப் போனதும் அண்ணனிடம், முடிவை ஏன் மாற்றிச் சொன்னாய் என்று கேட்டேன். மறந்துபோச்சு பாப்பா என்று முடித்துவிட்டான். அம்மாவிடம் கீர்த்தனையைத் திருடிய கதையைக் கோபமாகச் சொன்னேன். அம்மாவின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. “அப்படியா பாப்பா?” என்றாள். அதற்குப் பிறகு அந்தக் கீர்த்தனையை அம்மா பாடி நான் கேட்டதில்லை. சினிமாக்காரன் தொட்ட மெட்டு வேண்டாம் என்று விட்டுவிட்டாள் என்று நினைத்து, அம்மாவின் வைராக்கியத்தை நான் பலரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

அப்பா போன பிறகு அம்மா என்னோடு சேலையூரில் ஒன்பது வருடம் இருந்தாள். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். காலையில் நான் பள்ளிக்கூடம் போனால் சாயங்காலம் நாலரைக்குத்தான் வருவேன். எப்போது வந்தாலும் டி.வி.யில் போதகர் ஒருவர் பிரசங்கம் செய்துகொண்டிருப்பார். அம்மா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள். ஒரு நாள் நான் உள்ளே வந்தபோது அம்மாவுக்கு முகமெல்லாம் வேர்த்திருந்தது. ரிமோட் இன்னும் கையிலேயே இருந்தது. உடம்புக்கு என்னம்மா என்று கேட்டேன். “ஒண்ணும் இல்ல பாப்பா, காபி போடட்டுமா?” என்று எழுந்துவிட்டாள். பிரசங்கத்தில் மனசு உருகியிருக்கிறது என்று நினைத்து, நான் குனிந்து செருப்பை எடுத்து ஸ்டாண்டில் வைத்தேன்.

மூன்று வருடம் முன்பு அம்மா இறந்தாள். அடக்க ஆராதனையில் நான்தான் சாட்சி சொன்னேன். “என் வீட்டில் ஒன்பது வருடம் இருந்த என் தாயார் ஒரு நாளாவது சினிமா பார்த்து நான் பார்த்ததில்லை” என்றேன். சபையில் எல்லாரும் தலையை ஆட்டினார்கள். முன்வரிசையில் அண்ணன் மட்டும் முகத்தைக் கையால் மூடிக்கொண்டான். அழுகிறான் என்று நினைத்தேன்.

சரி, படத்துக்குப் போன நாளுக்கு வருகிறேன். கோவிலம்பாக்கத்தில் மகன் வீட்டில் இருந்த அண்ணனை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டேன். மேடவாக்கம் சிக்னலில் மூன்று தண்ணீர் லாரிகள் வரிசையாக நின்றுவிட்டன. “நேரமாகுதுப்பா” என்றேன். “நா இன்னாக்கா பண்றது, லாரிக்கு மேல ஏறியா போவ முடியும்? ஒரே பேஜாரா கீது” என்றார் ஆட்டோக்காரர். அண்ணன் சிரித்தான். சிரித்ததும் மூச்சு வாங்கி நெஞ்சில் கைவைத்துக்கொண்டான். இன்று சொல்லிவிட வேண்டும் என்று மனசுக்குள் இன்னொரு தடவை சொல்லிக்கொண்டேன்.

புதுப் படத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஊமைக்காரன் காதில் ஹெட்போன் மாட்டியிருந்தான், வீட்டுக்காரர் அடுக்குமாடிச் சங்கத் தலைவர் ஆகியிருந்தார். பழைய பாட்டின் மெட்டை எடுத்து டமடமவென்று அடித்திருந்தார்கள். இடைவேளைக்குப் பிறகு ஒரு மணி நேரம் போயிருக்கும். அண்ணன் என் கையைத் தொட்டான்.

“சத்தம் தாங்கல பாப்பா. வெளிய உக்காரலாமா?”

“இன்னும் அரை மணி நேரம்தான் அண்ணா.”

“போதும், வா.”

வெளியே நகரும் படிக்கட்டுக்குப் பக்கத்தில் பெஞ்சு இருந்தது. தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன். அவன் மூச்சு நிதானத்துக்கு வந்ததும் எனக்கு வாத்தியார் புத்தி வந்துவிட்டது. “பழைய படத்தோட முடிவையும் தப்பாச் சொன்ன. இதோட முடிவையாவது ஒழுங்காப் பாத்திருக்கலாம்” என்றேன்.

“பழைய படத்த நான் பாத்தாத்தானே சரியாச் சொல்றதுக்கு?”

எனக்குப் புரியவில்லை. அவன் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகி மூடினான்.

“அம்மாதான் போனாங்க பாப்பா. பக்கத்து வீட்டு அக்காகூட, மாட்டினிக்கு. வாழ்க்கையில அந்த ஒரு தடவதான். நம்ம ரெண்டு பேரும் ஸ்கூல்லேர்ந்து வர்றதுக்குள்ள வீட்ல இருக்கணும்னு, முடியறதுக்கு அரை மணி நேரம் முன்னாடியே எழுந்து ஓடி வந்துட்டாங்க. அப்பா டிக்கெட்ட எடுத்து வச்சப்போ அம்மா முகத்தப் பாத்ததுமே எனக்குப் புரிஞ்சுடுச்சு. என் கால்ல எண்ணெய் தடவும்போது முழுக் கதையும் சொன்னாங்க. அழுதுகிட்டேதான் ஆரம்பிச்சாங்க. ஊமைக்காரன் வர்ற இடத்துல அவங்களே சிரிச்சுட்டாங்க. முடிவுதான் தெரியலேன்னு ஒரே தவிப்பு. நானே ஒண்ணக் கட்டி, ஸ்கூல்ல பசங்க சொன்னாங்கன்னு சொன்னேன். அதத்தான் உனக்கும் சொன்னேன்.”

பதினாலு வயதுப் பையன். காலில் அப்பா அடித்த தடிப்பு இன்னும் எரிந்துகொண்டிருந்தபோது, கதவைத் தட்டி உள்ளே வந்து ‘இன்னொரு தடவ பாடுங்க’ என்று கேட்கும் ஒரு வீட்டுக்காரரை அம்மாவுக்காக உண்டாக்கியிருக்கிறான். கரண்டி நின்றது, கீர்த்தனை நின்றது, ஜெபத்தில் அம்மா வாயைத் திறந்தது எல்லாம் எனக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. எனக்குத் தாங்கவில்லை. இத்தனை வருடம் பிடித்து வைத்திருந்த வாக்கியம் தானாக வெளியே வந்தது.

“அண்ணா, அந்த டிக்கெட்ட அப்பாகிட்ட குடுத்தது நான்தான்.”

“தெரியுமே.”

“எப்படித் தெரியும்?”

“அம்மா ஜன்னல்லேர்ந்து பாத்தாங்க. நீ கேட்டுக்கு ஓடுனது, அப்பா உன் தலைல கைவச்சது எல்லாத்தையும். அன்னிக்கே எனக்குச் சொல்லிட்டாங்க.”

நான் மாலில் அத்தனை பேர் நடுவில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். அவன் என் தோளைத் தட்டினான். “ஒம்போது வயசுக் குழந்த பாப்பா நீ. உனக்கு என்னா தெரியும்? நான் அன்னிக்கே மறந்துட்டேன்” என்றான். நான் கேட்க வந்தது கிடைத்துவிட்டது. எழுந்து வீட்டுக்குப் போயிருக்கலாம். எதையும் பாதியில் விடாத என் குணம், அடுத்த கேள்வியையும் கேட்டுவிட்டேன்.

“அம்மாவுக்கு என்மேல கோவம் இருந்துச்சா?”

அவன் படிக்கட்டில் கீழே இறங்கிக்கொண்டிருந்த ஜனங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“கோவம் இல்ல. பயம்தான்.”

“என்கிட்டயா?”

“நீ அப்பா மாதிரியே பேசுவல்ல. வாசல்ல நீ செருப்பக் கழட்டுற சத்தம்கூட அப்பா மாதிரியே இருக்குதுன்னு சொல்வாங்க. உன் வீட்ல பகல்ல பழைய பாட்டு கேப்பாங்க, படம் பாப்பாங்க. நீ வர்ற நேரத்துக்கு மாத்திடுவாங்க. ஒரு நாள் அந்தப் படமே வந்துச்சு. ‘டேய், போட்டிருக்கான்டா’ன்னு எனக்கு போன் பண்ணாங்க. குரலே வேற மாதிரி இருந்துச்சு. நான் பயந்துட்டேன், இன்னிக்கு முடிவு தெரிஞ்சா நான் பொய் சொன்னது தெரிஞ்சிடுமேன்னு. மறுபடி சாயங்காலம் போன். ‘இன்னும் அரை மணி நேரம் இருந்துச்சுடா, அதுக்குள்ள பாப்பா வந்துட்டா. பரவாயில்ல, முடிவுதான் நீ சொல்லியிருக்கியே’ன்னாங்க.”

ஒன்பது வருடம். என் வீட்டில், என் சமையலறையில், என் தாய் என் காலடிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். அந்தப் பயத்தைத்தான் நான் சபை நடுவில் நின்று பக்தி என்று சாட்சியாகச் சொன்னேன். இந்த வேதனைக்கு யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது? அண்ணன் மன்னித்தது அவன் பங்கை மட்டும்தான்.

அண்ணனைக் கோவிலம்பாக்கத்தில் இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தேன். அம்மாவின் நாற்காலி இன்னும் டி.வி.க்கு எதிரில்தான் இருக்கிறது. அந்தப் பழைய படத்தைத் தேடி எடுத்தேன். கடைசிப் பாட்டு முடிந்து, வீட்டுக்காரர் படியேற ஆரம்பிக்கும் இடத்துக்கு, அம்மா பார்க்காமல் விட்ட அந்தக் கடைசி அரை மணி நேரத்துக்கு, தள்ளி வைத்தேன். வெளியே கேட்கும் அளவுக்குச் சத்தத்தைக் கூட்டினேன். பிறகு வெளியே வந்து, கதவைச் சாத்திவிட்டு, மாடிப்படியில் உட்கார்ந்தேன்.

மேல் வீட்டுப் பெண் ஆபீஸிலிருந்து வந்து படியேறப்போனவள் என்னைப் பார்த்து நின்றாள். உள்ளே தொட்டியில் விழும் சத்தமும் சிரிப்பும் கேட்டன.

“என்ன ஆன்ட்டி, வெளிய உக்காந்திருக்கீங்க? சாவி இல்லையா?”

“இருக்கும்மா. படம் முடியட்டும், அப்புறம் உள்ள போறேன்” என்றேன்.